தன்னம்பிக்கைப் பேச்சாளர்களே, அந்த விமானக் கதையை விட்டுவிடுங்கள்

அன்புள்ள பேச்சாளர்களுக்கு,

வணக்கம். கல்லூரி விழாக்களில் நீங்கள் விடாமல் சொல்லும், அமெரிக்கக் கணினி நிரலாளர் கேரி கில்டால் கதை பற்றித்தான் இந்த மடல். 1980-ல் தங்கள் புதுக் கணினிக்கு இயங்குதளம் (கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்) கேட்டு ஐபிஎம் நிறுவன ஆட்கள் தேடி வந்தார்களாம், மனிதர் ஜாலியாக விமானம் ஓட்டப் போய்விட்டாராம், வீடு தேடி வந்த சீதேவி பில் கேட்ஸ் பக்கம் போய்விட்டாளாம். உடனே கைதட்டல்.

அன்று அவர் பறந்தது ஊர் சுற்ற அல்ல, தொழில் விஷயமாக ஒருவரைப் பார்க்க. ஒப்பந்தங்களைப் பார்த்துக்கொண்டவர் அவர் மனைவி டோரத்தி. ஐபிஎம் நீட்டிய, பேசுவதை வெளியே சொல்லக்கூடாது என்ற ரகசியக் காப்பு ஒப்பந்தம் முழுக்க அவர்களுக்கே சாதகமாக இருந்ததால் கையெழுத்துப் போடத் தயங்கினார். யாராக இருந்தாலும் தயங்கத்தான் வேண்டும். ஊர் திரும்பியதும் அவர்களோடு பேசியதாகக் கில்டாலே சொல்லியிருக்கிறார். ஐபிஎம் தரப்பில் மறுத்தவர்களும் உண்டு, சரி.

ஆனால் அவர் கையைவிட்டுச் சந்தை போனது அந்த ஒரு நாளில் அல்ல. அவர் எழுதிய சிபி/எம் என்ற இயங்குதளம் போலவே நடந்துகொள்ளும் ஒரு மென்பொருளைச் சியாட்டிலில் விலைக்கு வாங்கி, மெருகேற்றி ஐபிஎம்முக்குக் கொடுத்தது மைக்ரோசாஃப்ட். கில்டால் சண்டைக்கு வந்ததும், அவருடையதையும் சேர்த்து விற்க ஐபிஎம் சம்மதித்தது. விலைப்பட்டியலைப் பாருங்கள்: மைக்ரோசாஃப்ட் கொடுத்த டாஸ் 40 டாலர், கில்டாலின் சிபி/எம்-86 240 டாலர். அதுவும் மாதக்கணக்கில் பிந்தி வந்தது. கடைக்கு வந்தவர் எதை எடுப்பார்? இதை மேடையில் சொன்னால் கைதட்டல் வராது, தெரியும்.

அப்புறம், அவர் செய்த வேலையைப் பற்றி ஒரு வரிகூட நீங்கள் சொல்வதில்லையே! 1974-ல், கலிபோர்னியாவின் பசிபிக் குரோவில், இன்டெல் 8080 சில்லை, தரவைச் சேமிக்கும் ஃபிளாப்பி வட்டோடு சிபி/எம் மூலம் பேச வைத்தவர் அவர். அன்று ஒவ்வொரு கம்பெனியின் கணினியும் ஒவ்வொரு மாதிரி. வன்பொருளுக்கு ஏற்ப மாறவேண்டிய பகுதியை மட்டும் தனியே பிரித்து, அதற்கு 'பயாஸ்' என்று பெயர் வைத்தார். புதுக் கணினி வந்தால் அந்தத் துண்டை மட்டும் மாற்றி எழுதினால் போதும், மற்றதெல்லாம் அப்படியே ஓடும். உங்கள் மடிக்கணினியின் 'சி டிரைவ்' இருக்கிறதே, டிரைவுக்கு எழுத்தால் பெயர் வைக்கும் அந்த வழக்கமும் சிபி/எம்மிலிருந்து டாஸுக்கும் விண்டோஸுக்கும் வந்ததுதான்.

1994-ல், 52 வயதில் அவர் இறந்தார். அவருடைய நிறுவனம் இயங்கிய வீட்டின் முன் 2014-ல் ஐஇஇஇ என்ற பொறியாளர்கள் அமைப்பு பதித்த பலகை சிபி/எம்மையும் பயாஸையும்தான் பேசுகிறது. அடுத்த கூட்டத்தில் விமானத்தை விட்டுவிட்டு அந்த 240 டாலரிலிருந்து தொடங்குங்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் நாளை மென்பொருள் விற்கப்போகிற பிள்ளைகள்.

இப்படிக்கு,
உங்கள் கூட்டங்களில் பின்வரிசையில் உட்காரும் ஒரு நிரலாளன்