பைப் மாற்றினால் தீராத பழுது

அன்புள்ள மகளுக்கு,

லாஸ் ஏஞ்சல்ஸ் ஆண்கள் மத்தியச் சிறைக்கு எதற்கு இத்தனை செலவு, பைப்பை மாற்றிப் பெயின்ட் அடித்தால் போதாதா என்று கேட்டிருந்தாய். போதாதும்மா. கட்டடத்தின் அமைப்பே பழுது.

1963-இல் திறந்தது. நீள நடைபாதை, அதையொட்டி வரிசையாகக் கம்பிக் கதவு செல்கள். நடந்து போகிற காவலருக்கு எதிரே உள்ள செல் மட்டும்தான் தெரியும். தாண்டிவிட்டால் அதுவும் மறைந்துவிடும். மணிக்கு ஒரு தடவையாவது நேரில் பார்க்க வேண்டும் என்பது கலிஃபோர்னியா விதி. உயிரை மாய்த்துக்கொள்ள நினைப்பவனுக்குச் சில நிமிஷம் போதுமே! 1981-இல் அதே மாநிலத்தின் கான்ட்ரா கோஸ்டா கவுன்டி (நம் மாவட்டம் மாதிரி) மார்டினெஸ் ஊரில் கட்டிய சிறையில் நடுவே கூடம், சுற்றிலும் செல்கள், காவலர் கூடத்துக்குள்ளேயே இருப்பார். பழைய நடைபாதையை எந்தக் கேமராவாலும் அப்படி மாற்ற முடியாது.

பைப்புக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் கட்டிய இம்மாதிரிச் சிறைகளில் செல்களுக்குப் பின்னால் ஓர் ஆள் ஒருக்களித்து நுழையும் சந்து இருக்கும். கழிவுக் குழாய் எல்லாம் அதற்குள்தான். வார்ப்பிரும்புக் குழாயின் உட்புறம் துரு செதில் செதிலாகப் படிந்து துவாரம் சுருங்கிவிடும். கிழிந்த போர்வைத் துண்டு ஒன்று அதில் சிக்கினால் போதும், மேல்மாடிக் கழிவு கீழ்மாடி செல்லில் பொங்கும். ஐந்து நிமிஷத்தில் இரண்டு தடவைக்கு மேல் ஃப்ளஷ் ஆகாதபடி மின்னணு வால்வு போடலாம்; அடைப்பு குறையும், துரு போகாது. குழாயையே மாற்றலாம் என்றால், மேலிருந்து கீழ்வரை ஒரே குழாயில் சேரும் செல்கள் அத்தனையையும் காலி செய்ய வேண்டும். நெரிசலான சிறையில் அவர்களை எங்கே வைப்பது? வேலை நின்றுபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

நிலநடுக்கம் வேறு. 1971-இல் லாஸ் ஏஞ்சல்ஸை ஒட்டிய சான் ஃபெர்னாண்டோ பகுதி குலுங்கியபோது புத்தம்புது ஆலிவ் வியூ மருத்துவமனையே சிதைந்தது. தூணின் நெடுக்குக் கம்பிகளைச் சுற்றி வளைத்துக் கட்டும் ரிங் கம்பியை நெருக்கிக் கட்டும் விதி அதற்குப் பிறகுதான் இறுகியது. இந்தச் சிறையோ அதற்கு எட்டு வருஷம் முந்திய கான்கிரீட். பூட்டிய செல்லில் இருப்பவன் வெளியே ஓடவும் முடியாது.

கவுன்டி சிறைகளில் பெரும்பாலோர் தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள் என்பதையும் மனசில் வை. இந்தச் சிறையை மூடுவதென்று கவுன்டி மேற்பார்வையாளர் குழு 2021-இல் தீர்மானித்தது. அதற்கு முன், 2019-இல், சுமார் 170 கோடி டாலர் மாற்றுக் கட்டட ஒப்பந்தத்தையும் கைவிட்டிருந்தது.

இனி எந்தத் திட்ட மதிப்பீடு உன் கைக்கு வந்தாலும், வேலை நடக்கும்போது கைதிகளை எங்கே மாற்றுவார்கள் என்ற பக்கத்தை முதலில் தேடு. அது இல்லையென்றால் மற்றப் பக்கங்களைப் புரட்டாதே.

அன்புடன்,
அப்பா