சித்தப்பா, ரோமில் ஒட்டுப்போட்ட இடங்களைப் பாருங்கள்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நீங்கள் அனுப்பிய எக்செல் தாளைப் பார்த்தேன். ரோமில் மூன்று நாளில் 34 இடம். காலை ஏழரைக்கு ஆரம்பித்து இரவு ஒன்பதரை வரை, இடத்துக்கு இருபது நிமிடம், நடுவில் "சாப்பாடு - 25 நிமிடம்" என்று சித்திக்காகப் போனால் போகிறது என்று விட்டுக்கொடுத்த மாதிரி ஒரு வரி. வாட்ஸப்பில் பதில் எழுதினால் கட்டைவிரல் ஒன்றைத் தட்டிவிட்டு உங்கள் இஷ்டப்படியே செய்வீர்கள். அதனால்தான் இங்கே, நாலு பேர் பார்க்கும்படி எழுதுகிறேன்.

முதல் தடவை போனபோது நானும் அப்படித்தான் ஓடினேன். ஒரே நாளில் பதினொரு இடம். திரும்பி வந்து போனில் படங்களைத் தள்ளிப் பார்த்தால் எது எந்த சர்ச் என்று எனக்கே தெரியவில்லை, ஏழெட்டுப் படத்தில் பளிங்குத் தரையும் என் ஷூவும் மட்டும்தான் இருந்தன. இரண்டாம் தடவை, நாளைக்கு இரண்டு இடம் போதும் என்று வைத்துக்கொண்டேன். அப்போதுதான் ஒன்று பிடிபட்டது. அங்கே முழுசாக நிற்கிற பழைய கட்டடத்தில் பெரும்பாலானவற்றை நடுவில் யாரோ வேறு எதற்கோ எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள், அதனால்தான் அது தப்பித்திருக்கிறது. கோயில் சர்ச் ஆனது. ஹாட்ரியன் பேரரசரின் கல்லறை கோட்டை ஆனது. மார்செல்லஸ் நாடக அரங்கின் வளைவுகளுக்கு மேலே வீடு கட்டிக் குடியேறிவிட்டார்கள், இன்றைக்கும் ஆள் இருக்கிறார்கள். யாருக்கும் உதவாமல் போனது கல் கல்லாகப் பெயர்ந்து அடுத்த தெரு மாளிகைக்குள் போய்விட்டது. பழசும் புதுசும் சேர்கிற அந்த ஜாயின்ட் எங்கே என்று தேடிப் பார்ப்பதுதான் ரோமில் எனக்குப் பிடித்த வேலை. முப்பது வருடத்துக்கு மேல் சென்டரிங் பலகையையும் ஜல்லியையும் கட்டிக்கொண்டு அழுத உங்களுக்கு அது என்னைவிடச் சீக்கிரம் கண்ணில் படும்.

முதலில் பாந்தியன், சர்ச் ஆன அந்தப் பழைய ரோமானியக் கோயில். உங்கள் தாளில் அதற்கும் இருபது நிமிடம்தான் போட்டிருக்கிறீர்கள், வெளியே நின்று முகப்பைப் பார்க்கவே அது பத்தாது. முகப்பில் பெரிய எழுத்தில் "அக்ரிப்பா கட்டியது" என்று லத்தீனில் வெட்டியிருக்கும். நம்பாதீர்கள். அகஸ்டஸ் பேரரசரின் தளபதி அக்ரிப்பா கட்டியது எரிந்துபோயிற்று. இப்போது இருப்பது ஹாட்ரியன் காலத்தில், கி.பி. 126 வாக்கில் முடிந்தது, பழைய பெயரை அவர் அப்படியே விட்டுவைத்தார். இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? செங்கலை வைத்துத்தான். அந்தக் காலத்துச் சூளைக்காரர்களும் செங்கலில் முத்திரை குத்தியிருக்கிறார்கள், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்த முத்திரைகளைப் பார்த்துத்தான் காலம் நிச்சயமாயிற்று.

முன்மண்டபத்தில் 16 கிரானைட் தூண், ஒவ்வொன்றும் ஒரே கல், உயரம் ஏறத்தாழ 12 மீட்டர். கொஞ்சம் பின்னால் தள்ளி நின்று அண்ணாந்து பாருங்கள். மண்டபத்தின் முக்கோண முகட்டுக்கு மேலே, பின்சுவரில் இன்னொரு முக்கோணத்தின் கோடு அரைகுறையாகத் தெரியும். இரண்டும் ஒன்றோடொன்று சேராது. ஆய்வாளர்கள் சிலர் சொல்லும் காரணம் இது: பிளான் போட்டது 50 ரோமானிய அடித் தூணுக்கு, எகிப்திலிருந்து வந்து இறங்கியது 40 அடித் தூண், வந்த சரக்கை வைத்து மண்டபத்தைத் தாழ்த்திக் கட்டி முடித்துவிட்டார்கள். நிரூபணம் ஆகாத கருத்துதான், ஆனால் இதைப் படித்ததும் எனக்கு உங்கள் முகம்தான் ஞாபகம் வந்தது. லோடு குறைந்து வந்த அன்றைக்கு நீங்கள் போனில் கத்திய கத்து இருக்கிறதே.

முகப்பைப் பார்த்து நின்றால் இடப்பக்கம் இருக்கும் மூன்று தூண்கள் 17ஆம் நூற்றாண்டில் மாற்றி வைத்தவை. மூலைத்தூணின் தலையில் ஒரு தேனீ செதுக்கியிருக்கும், எட்டாம் அர்பன் என்ற போப்பின் குடும்பச் சின்னம். அதே அர்பன்தான் மண்டபக் கூரையிலிருந்த வெண்கல உத்தரங்களைக் கழற்றி பீரங்கி வார்த்தவர். எடுத்ததும் அவர், ஒட்டுப்போட்டதும் அவர்.

உள்ளே போனதும் எல்லோரும் தலையைத் தூக்கிக் குவிமாடத்தின் நடுத் துவாரத்தைப் படம் எடுப்பார்கள். நீங்கள் ஓரமாக உட்கார்ந்துகொள்ளுங்கள். குறுக்களவு 43.3 மீட்டர், தரையிலிருந்து துவாரம் வரை உயரமும் அதே அளவு. கம்பியே கட்டாமல் வார்த்த காங்கிரீட் குவிமாடத்தில் உலகத்தில் இன்றைக்கும் இதுதான் பெரியது. சுண்ணாம்பும் எரிமலைச் சாம்பலும்தான் கலவை. சூட்சுமம் ஜல்லியில் இருக்கிறது. கீழே கனமான கல், மேலே போகப்போக லேசான கல், உச்சியில் தண்ணீரில் மிதக்கிற நுரைக்கல். குவிமாடத்தின் தடிமனும் அப்படியே, அடியில் 6 மீட்டர் பக்கம், துவாரத்தின் விளிம்பில் 1.2 மீட்டர்தான். துவாரத்துக்குக் கண்ணாடி கிடையாது, மழை நேராக உள்ளே விழும். அதற்காகத் தரைக்கு வாட்டம் கொடுத்து, சின்னச் சின்னத் துளை போட்டிருக்கிறார்கள். சித்தி மேலே பார்த்துக்கொண்டு நிற்கட்டும், நீங்கள் அந்தத் துளைகளைத் தேடுங்கள். இவ்வளவும் நமக்கு மிஞ்சியதற்கு, 609இல் இது சர்ச் ஆனது ஒரு பெரிய காரணம். இன்றைக்கும் சர்ச்தான், 2023 முதல் சுற்றுலாப் பயணிகளுக்கு டிக்கெட்.

அடுத்தது கொலோசியம். டிக்கெட்டை முன்னாலேயே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள், அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் கதை கந்தல். உள்ளே போவதற்கு முன் வெளியே ஒரு சுற்று நடங்கள். சுவர் முழுக்க அம்மை வடு மாதிரி குழி குழியாக இருக்கும். கல்லையும் கல்லையும் பிடித்திருந்த இரும்புக் கவ்விகளைப் பிற்காலத்தில் தோண்டி எடுத்த இடம் அது. தெற்குப் பக்கம் 1349 நிலநடுக்கத்தில் சரிந்தது, விழுந்த கல் மாளிகைகளுக்குப் போனது. கிழக்கு முனையில் வெளிச்சுவர் சட்டென்று முடிகிற இடத்தில், சாய்வாக ஒரு செங்கல் முட்டுச்சுவர் இருக்கும். 1806-07இல், வெளிச்சுவர் பிளந்து விழப்போகிற நிலையில் அவசரமாகக் கட்டியது. அதன் பக்கத்திலுள்ள வளைவுகளை உற்றுப் பாருங்கள். நடுக்கற்கள் ஒரு சாண், ஒரு முழம் என்று கீழே நழுவியிருக்கும். அவற்றைத் திரும்ப ஏற்றி வைக்கவில்லை, நழுவின நிலையிலேயே வைத்துச் சுற்றிலும் செங்கலை அடைத்துவிட்டார்கள். இருநூறு வருடமாக அந்தக் கற்கள் விழுந்துகொண்டே இருக்கின்றன. எனக்கு மொத்த கொலோசியத்திலும் அதுதான் பிடித்தது. உள்ளே இருக்கும் கூட்டத்தில் ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை, உண்மையைச் சொல்கிறேன்.

ஃபோரத்தில், அதாவது பழைய ரோமின் பொதுச் சதுக்க இடிபாடுகளில், ஒரே ஒரு கதவு பார்த்தால் போதும். அந்தோனினஸ் - ஃபாஸ்டினா கோயில் என்று கேளுங்கள். முன்னால் ரோமானியத் தூண்கள், உள்ளே சர்ச். சர்ச்சின் பச்சைக் கதவு ஆள் ஏறவே முடியாத உயரத்தில் அந்தரத்தில் தொங்கும். கதவு வைத்த காலத்தில் மண் அந்த மட்டம் வரை இருந்தது. பிற்பாடு அகழ்ந்து மண்ணை எடுத்துவிட்டார்கள், கதவு மேலேயே நின்றுவிட்டது.

கடைசியாக, உங்கள் தாளில் இல்லாத ஒன்று. கொலோசியத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் சான் கிளெமெந்தே சர்ச். மேலே இருப்பது 12ஆம் நூற்றாண்டு. படியிறங்கினால் 4ஆம் நூற்றாண்டு சர்ச், அதை மண்ணும் கல்லும் போட்டு நிரப்பித்தான் மேலே கட்டினார்கள். இன்னும் இறங்கினால் முதல் நூற்றாண்டுக் கட்டடம், மித்ரா என்ற தெய்வத்தின் வழிபாட்டு அறை, எங்கேயோ தண்ணீர் ஓடுகிற சத்தம். நடு அடுக்கில் 11ஆம் நூற்றாண்டுச் சுவரோவியம் ஒன்றைத் தவற விடாதீர்கள். வேலையாட்கள் ஒரு தூணைக் கட்டி இழுக்கிறார்கள், எஜமான் அவர்களைத் திட்டுகிறான். திட்டின வார்த்தையைப் பக்கத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள், அச்சு அசல் கெட்ட வார்த்தை. இத்தாலிய மொழியின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் அதுவும் ஒன்றாம். சைட்டில் தூண் ஏற்றும்போது என்னென்ன காதில் விழும் என்று உங்களுக்குத் தெரியாததா.

மற்றபடி, புது ஷூ வேண்டாம். தெருவெல்லாம் கறுப்புக் கருங்கல் பாவியது, மேடும் பள்ளமும், சித்தியின் முட்டி தாங்காது. தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டே இருக்காதீர்கள், தெருக்குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். குழாய் மூக்கை விரலால் அடைத்தால் மேலே இருக்கும் ஓட்டை வழியாகப் பீய்ச்சும், வாய் வைத்துக் குடிக்கச் சௌகரியம். சர்ச்சுக்குள் தோளும் முட்டியும் மூடியிருக்க வேண்டும். மீதி இடங்களை எல்லாம் தாளிலிருந்து அடித்துவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன், பாதியையாவது அடியுங்கள்.

அப்புறம் ஒரு வேலை. பாந்தியனில் உட்கார்ந்திருக்கும்போது, 43 மீட்டர் குவிமாடத்துக்குச் சென்டரிங் எப்படி அடித்திருப்பார்கள் என்று யோசித்து வையுங்கள். சாரத்தைத் தரையிலிருந்து எழுப்பினார்களா, சுவரின் மேல் ஊன்றினார்களா என்று அறிஞர்கள் இன்னும் முட்டி மோதிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும். கட்டைவிரல் அனுப்பாதீர்கள், போன் பண்ணுங்கள்.

உங்கள் அண்ணன் மகன்