சோளிங்கர் மலைப்படிகளில் ஒரு கண்ணாடி பேரம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார்த்திகை ஞாயிற்றுக்கிழமைகளின் நெரிசலுக்கு அஞ்சி, அம்மாதம் கழிந்த பிறகு ஒரு வாரநாளில் நானும் என் மனைவியும் சோளிங்கர் யோக நரசிம்மரைத் தரிசிக்கச் சென்றிருந்தோம். 2024-ஆம் ஆண்டு முதல் ரோப் கார் ஓடுகிறது என்றாலும், நடந்து வருவதாக வேண்டிக்கொண்டிருந்ததால் பெரிய மலையின் 1,305 படிகளையும் ஏறினோம்.

பாதி வழியில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது, குட்டியை வயிற்றோடு அணைத்தபடி ஒரு தாய்க்குரங்கு எதிரே வந்து அமர்ந்தது. தேங்காயும் பழமும் இருந்த பிளாஸ்டிக் பையை என் மனைவி முந்தானைக்குள் மறைப்பதற்குள், பின்னாலிருந்து வேறொரு குரங்கு என் தோளில் தாவி, மூக்குக்கண்ணாடியை உருவிக்கொண்டு மேற்கூரைக்கு ஏறிவிட்டது. அங்கே அமர்ந்து, கண்ணாடியின் காதுக் கம்பியைக் கரும்பு கடிப்பதுபோல் கடித்துக்கொண்டே என்னைப் பார்த்தது. அவ்வழியே இறங்கி வந்த ஒரு பெரியவர், "கத்தாதீங்க சார், பிஸ்கட் இருந்தா போடுங்க, அதுவே கீழே விட்டுடும்" என்றார். அப்படியே நடந்தது. பல் தடம் பதிந்த அந்தக் கண்ணாடியைத்தான் இதை எழுதும்போதும் அணிந்திருக்கிறேன்.

இதைக் குறும்பு என்று சிரித்துவிட்டுப் போக என்னால் முடியவில்லை. கண்ணாடியைப் பறித்தால் தின்பண்டம் கிடைக்கும் என்பதை அந்தக் குரங்குக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் மனிதர்களே. அன்று பிஸ்கட் வீசிய நானும் அவர்களில் ஒருவன். பாலித் தீவின் உளுவாட்டு கோயிலிலும் குரங்குகள் இதே பண்டமாற்றை நடத்துகின்றன. அவற்றுள் நன்கு வளர்ந்தவை, மனிதர்கள் அதிகம் மதிக்கும் பொருளாகப் பார்த்து எடுப்பதாக 2021-இல் வெளியான ஆய்வு ஒன்று கூறுகிறது.

எதிரே சின்ன மலையில் யோக ஆஞ்சநேயர் எழுந்தருளியிருக்கும் தலத்தில், குரங்குக்கு ஒரு வாழைப்பழம் கொடுப்பதைப் புண்ணியமாகக் கருதுவது இயல்பே. ஆனால் பழம், கொழுந்து இலை, பூச்சி என்று தானே தேடித் தின்னக்கூடிய நாட்டுக்குரங்கைப் படிக்கட்டிலேயே கட்டிப்போடுவது அந்த வாழைப்பழம்தான். பிடித்துக்கொண்டுபோய்க் காட்டில் விட வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். பையைப் பறிக்கப் பழகிய கூட்டம் அடுத்த ஊரின் ஓட்டுக்கூரையில் ஏறும் என்பதைத் தவிர அதனால் வேறு பயன் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கையில் குச்சியுடன் ஏறுவோரையும் பார்த்தேன். காட்டி மிரட்டினால் விலகும் குரங்கு, அடி விழுந்தால் திருப்பிக் கடிக்கக்கூடும்.

ஆகவே, மலைக்கோயில்களுக்குச் செல்லும் பக்தர்கள் பூசைப் பொருள்களைப் பிளாஸ்டிக் பையில் தொங்கவிடாமல், வாய் மூடிய துணிப்பையில் கொண்டுசெல்ல வேண்டும். படிகளில் அமர்ந்து உண்பதையும், குழந்தைகள் கையில் தின்பண்டம் கொடுத்து ஏற்றுவதையும் தவிர்க்க வேண்டும். அறநிலையத் துறையினரும் வனத்துறையினரும் கலந்துபேசி, உணவு கொடுக்கக் கூடாது என்பதை அடிவாரத்திலேயே ஒலிபெருக்கியில் அறிவிக்கலாம். குரங்கின் பல்லோ நகமோ பட்டால், மஞ்சள் தடவிக்கொண்டு வீடு திரும்பாமல், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் சென்று வெறிநாய்க்கடித் தடுப்பூசி குறித்துக் கேட்க வேண்டும் என்பதையும் அந்த அறிவிப்பிலேயே சேர்த்துவிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
காஞ்சிபுரம்.