நவம்பர் 9-க்கு ராசி உண்டா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். காலையில் இதழைப் பிரித்ததும் நான் முதலில் போவது ‘வரலாற்றில் இன்று’ பகுதிக்குத்தான். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

நவம்பர் 9 அன்று ஜெர்மனி பற்றி நான்கு வரிகள் வந்திருந்தன. 1918-இல் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் பதவி விலகியதாக அறிவிப்பு. 1923-இல் மூனிக்கில் ஹிட்லரின் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி தோல்வி. 1938-இல் யூதர்கள் மீது நாடு முழுக்கத் தாக்குதல். 1989-இல் பெர்லின் சுவர் திறப்பு. நான்கும் சரியான தகவல்கள். ஆனால் எட்டாவது படிக்கும் என் பேத்தி அதைப் படித்துவிட்டு, “அந்த நாட்டுக்கு நவம்பர் 9-இல் ஏதாவது ராசி இருக்கா தாத்தா?” என்று கேட்டாள். வரிசையாக நான்கு வரிகளை மட்டும் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

ராசி எல்லாம் இல்லை. 1923 கவிழ்ப்பு முயற்சியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் நாஜிகள் தரப்பில் 16 பேரும் போலீசார் 4 பேரும் இறந்தார்கள். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் அந்த 16 பேரைத் தியாகிகள் ஆக்கினார். ஆண்டுதோறும் நவம்பர் 8, 9 தேதிகளில் கட்சியின் பழைய ஆட்கள் மூனிக்கில் கூடுவது சடங்காகிவிட்டது. எவ்வளவு தவறாத சடங்கு என்றால், கேயார்க் எல்சர் என்ற தச்சர் அதை நம்பியே 1939 நவம்பர் 8-இல் வெடிக்கும்படி, 1923 முயற்சி தொடங்கிய மதுக்கூட மண்டபத்தில் குண்டு வைத்தார். ஹிட்லர் சில நிமிடங்கள் முன்னதாகக் கிளம்பிவிட்டதால் தப்பினார். அந்த மனிதரைப் பற்றி உங்கள் பகுதியில் தனியாகவே எழுதலாம்.

1938-க்கு வருகிறேன். பாரிசில் இரண்டு நாள் முன்பு ஒரு யூத இளைஞரால் சுடப்பட்ட ஜெர்மன் தூதரக அதிகாரி இறந்த செய்தி வந்தபோது, கட்சித் தலைவர்கள் எல்லாரும் மூனிக்கில் அந்த 1923 நினைவு விருந்தில்தான் இருந்தார்கள். பிரசார அமைச்சர் கோயபல்ஸ் அங்கேயே எழுந்து வெறியூட்டிப் பேசினார். கேட்டவர்கள் தொலைபேசிக்கு ஓடித் தத்தம் பகுதிகளுக்கு உத்தரவு கொடுத்தார்கள். யூத வழிபாட்டுக் கூடங்கள் எரிந்தன; சுமார் 30,000 யூத ஆண்கள் கைதாகி வதை முகாம்களுக்குப் போனார்கள். அத்தனை பேரும் அந்த இரவில் ஒரே கூரையின் கீழ் இருந்ததற்குக் காரணம் 1923. இதைப் பக்கத்துப் பக்கத்து வரிகளாகப் போட்டுவிட்டு, தொடர்பைச் சொல்லாமல் விடலாமா?

1989 நேர் எதிர். அது தற்செயல். கிழக்கு ஜெர்மனி மக்கள் மேற்கே போக அனுமதிக்கும் புதிய பயண விதி மறுநாள்தான் நடைமுறைக்கு வருவதாக இருந்தது. செய்தியாளர்கள் எப்போதிலிருந்து என்று கேட்க, அரசுத் தரப்பில் பேசிய குந்தர் ஷபோவ்ஸ்கி தாளைப் புரட்டிப் பார்த்து, உடனடியாக என்று சொல்லிவிட்டார். மக்கள் திரண்டார்கள், இரவிலேயே காவலர்கள் கதவைத் திறக்க வேண்டியதாயிற்று. அவர் சரியாகப் படித்திருந்தால் நாம் நவம்பர் 10 என்று படித்துக்கொண்டிருக்கலாம். அப்புறம் நாடு இணைந்தபோது, 1938 நடந்த தேதியில் எப்படிக் கொண்டாடுவது என்ற தயக்கம் வந்தது. அக்டோபர் 3 தேசிய நாளானது.

மற்ற நாள்களிலும் இப்படி உண்டு. 1949 நவம்பர் 26-லேயே ஏற்கப்பட்ட இந்திய அரசியலமைப்பு 1950 ஜனவரி 26 வரை காத்திருந்தது, 1930-இல் அதே தேதியை முழு விடுதலை நாளாகக் கொண்டாடியதற்காக. அது தேர்ந்தெடுத்த நாள். அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தின் 50-ஆம் ஆண்டு நிறைவான 1826 ஜூலை 4-இல், முன்னாள் அதிபர்களான ஜான் ஆடம்ஸும் தாமஸ் ஜெபர்சனும் சில மணி நேர இடைவெளியில் இறந்தது தற்செயல்.

எது தேர்ந்தெடுத்தது, எது தானாக அமைந்தது என்று ஒரு வரி சேர்த்தால் போதும். இடம் போதாது என்றால் பிறந்தநாள் பட்டியலில் இரண்டைக் குறைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நவம்பர் 9-க்கு அந்த நான்கையும் ஒரே பத்தியாக எழுதுங்கள். பேத்திக்கு வெட்டி வைப்பேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்