தகரத்தின் மேல் விரித்த படங்குகளுக்கு நன்றி

எங்கள் போஸ்ட்-ராக் இசைக்குழுவின் முதலாவது இசைத்தொகுப்பு வெளியாகி, விமர்சனங்களும் வந்து சேர்ந்துவிட்ட நிலையில், இனியும் தள்ளிப்போடாமல் இம்மடலை எழுதுகிறோம். நாங்கள் கடந்து வந்த மாதங்களை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அவற்றை மீண்டும் விவரிக்க மனம் வரவில்லை. கலையகம் கைவிரித்த பிறகு, இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கு அப்பால், நான் பிறந்த லயத்தின் (தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பின்) பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையான காம்பராவிலேயே ஒலிப்பதிவை முடித்தோம்.

போஸ்ட்-ராக் இசையில் கிட்டார் மெட்டைச் சுமப்பதைவிட ஒலிக்கு நிறம் தீட்டவே அதிகம் பயன்படுகிறது. மெல்லிய ஒரு நாதம் சிறுகச் சிறுகப் பெருகி, பல நிமிடங்கள் கழித்தே உச்சத்தைத் தொடும். தொடக்கத்து அமைதி கெட்டுவிட்டால் முடிவில் எழும் பேரொலிக்கும் பொருளில்லை. எங்கள் கடைசி உருப்படி 11 நிமிடம் நீள்வது. அதன் முதல் 4 நிமிடங்களில் ஒற்றைக் கிட்டாரைத் தவிர வேறெதுவும் இல்லை. தென்மேற்குப் பருவமழையோ ஜூன் மாதத்தில் எங்கள் மலைகளை விடுவதில்லை. தகரக் கூரையில் விழும் ஒவ்வொரு துளியும் மைக்கில் ஆணி அறைவதுபோல் கேட்டது.

மூன்றாம் இரவு பக்கத்து லயத்துப் பெரியம்மா வாசலில் வந்து நின்று, "மழைச் சத்தந்தானே தம்பி தொந்தரவு?" என்று கேட்டார். அரை மணி நேரத்தில் ஏழெட்டுப் பெண்கள் பழைய தேயிலைக் கொழுந்துச் சாக்குகளோடு வந்தார்கள். அவை பாதிக் கூரைக்கே போதுமாயிருந்தன. மீதிக்கு, மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகையில் தாங்கள் இடுப்பில் கட்டும் சாக்குப் படங்குகளையே வீட்டிலிருந்து எடுத்துவந்து கொடுத்தார்கள். அவர்களின் பிள்ளைகள் ஏணி வைத்து ஏறி, விரித்து, கல் வைத்தார்கள். நனைந்து கனத்த சாக்கு துளியின் அடியைத் தன்னுள் வாங்கிக்கொள்ள, தகரத்தின் அதிர்வு அடங்கி, தொலைவில் ஆறு ஓடுவது போன்ற இரைச்சல் மட்டும் எஞ்சியது. நள்ளிரவுக்குப் பின், ஒரே முயற்சியில் பதிவு முடிந்தது. விடிந்ததும், வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் அவர்கள் வரிசையாக நின்றபோது, கட்டியிருந்த படங்குகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்ததைக் கண்டேன். ஒருவரும் அதைப் பற்றி எங்களிடம் ஒரு சொல் சொல்லவில்லை.

விமர்சகர்கள் அதிகம் எழுதியது அந்த 4 நிமிடங்களைப் பற்றியே. போஸ்ட்-ராக் என்ற பெயரே 1994 இல் பிரித்தானிய இசை விமர்சகர் சைமன் ரெனால்ட்ஸ் எழுதிய ஓர் இசை விமர்சனத்தின் வழியாகப் பரவியதுதான். கூர்ந்து கேட்டு எழுதுவோருக்கு இந்த இசை அவ்வளவு கடன்பட்டிருக்கிறது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்து எழுதிய அனைவருக்கும், இரண்டாம் உருப்படி தேவைக்கு மேல் நீள்கிறது என்று கண்டித்தவருக்கும் சேர்த்து, நன்றி கூறுகிறோம். அவர் சொன்னது சரி. பின்னணி இரைச்சலைக் கணினியில் நுட்பமாகச் சேர்த்திருப்பதாக ஒருவர் பாராட்டியிருந்தார். அந்தப் பாராட்டை நாங்கள் வைத்துக்கொள்ள முடியாது. அது சாக்கில் விழுந்த மழை.

தப்புப் பறையை இரவல் தந்த காமன் கூத்துக் கலைஞர்கள், மின்சாரம் நின்ற இரவுகளில் ஜெனரேட்டர் கொண்டுவந்த கடைக்காரர், கூலி வாங்காமல் ஒலிக்கலவை செய்த நண்பர், கேட்காமலே பணம் அனுப்பியோர் அனைவருக்கும் எங்கள் நன்றி உரியது.

இசைத்தொகுப்பு அட்டையின் முதற்பதிப்பில் அந்தப் பெண்களின் பெயர்கள் இல்லை. அந்தப் பிழை எங்களுடையது. அடுத்த பதிப்பில் எங்கள் பெயர்களுக்கு மேலே அவை இருக்கும். சென்ற ஞாயிறு புதுப் படங்குகள் வாங்கிச் சென்றோம். பெரியம்மா ஆளுக்கு ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு, "மிச்சத்த அடுத்த மழைக்கு வச்சிக்கங்க தம்பி" என்று எங்கள் காம்பராவிலேயே மடித்து வைத்துவிட்டார்.