பறை வகுப்பை மூன்று நாளில் முடிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்னையின் மறுகுடியமர்வுப் பகுதியான கண்ணகி நகரின் சுவர்களில் பெரிய ஓவியங்கள் வந்தபின், இப்படி இடம் மாற்றிக் குடியமர்த்தப்பட்ட பகுதிப் பிள்ளைகளுக்குக் கலை எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் கோடையில் மூன்று நாள் பயிலரங்கு, சான்றிதழ், குரூப் போட்டோ என்று முடித்துக்கொள்வதால் என்ன பயன்?

பறையையே எடுத்துக்கொள்வோம். தடித்த அடிக்குச்சி வலது கையில், ஒல்லியான சிண்டுக்குச்சி இடது கையில். புதிதாக வருபவருக்கு வலது கை சீக்கிரம் ஓடிவிடும்; இடது கை பின்தங்கும். அடியோடு காலடியும் சேர வேண்டும். வாரம் இரண்டு மாலை வீதம் சில மாதமாவது பழகினால்தான் குழுவாக ஒலிக்கும். இருவருக்கு ஒரு பறையாவது வேண்டும். அதற்கும் குறைந்தால், காத்திருந்து சலித்தே பாதிப்பேர் நின்றுவிடுவார்கள்.

மழைக்காலத்தில் தோல் ஈரம் இழுத்துத் தொய்ந்துவிடும், தீயில் காய்ச்ச வேண்டும். அடுக்குமாடி வளாகத்தில் அதற்கு எங்கே இடம்? பழகுவதற்கு ஃபைபர் தோல் போட்ட பறை போதும். நாதம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

'சாவு மேளம்' என்று தயங்கும் பெற்றோரை முதல் வாரமே வகுப்பில் உட்கார வைக்க வேண்டும். இருட்டும் முன் வகுப்பு முடியாவிட்டால் பெண் பிள்ளைகள்தான் முதலில் நின்றுவிடுவார்கள்.

நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் தன் குடியிருப்புகளின் சமுதாயக் கூடங்களை மாலையில் திறந்துவிட வேண்டும். கற்பிக்கும் கலைஞருக்குப் பொன்னாடை வேண்டாம், மாதச் சம்பளம் கொடுங்கள்.

இப்படிக்கு,
பறைப் பயிற்சியாளர்கள்,
சென்னை.