டிரஸ்டி தேர்தலைக் கண்டுகொள்ளாத வின்னிபெக் தமிழ்ப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோரே,

2026 அக்டோபரில் மேயர் தேர்தலோடு சேர்த்து ஸ்கூல் போர்டு தேர்தலும், அதாவது பள்ளிகளை நிர்வகிக்கும் போர்டுக்கு டிரஸ்டி எனப்படும் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலும் வருகிறது. யார் மேயர் ஆவார் என்று வாட்ஸ்அப்பில் ராத்திரி முழுக்க அடித்துக்கொள்வோம். டிரஸ்டிக்கு யார் நிற்கிறார்கள் என்று கேட்டால் பதில் வராது. அந்தத் தேர்தல் இன்றும் நடக்கிறதென்றால், அதற்கு ஒரு பழைய ஆசிரியருக்கும் கடன்பட்டிருக்கிறோம். அவர் பெயர் நெல்லோ அல்டோமாரே.

கிழக்கு வின்னிபெக்கில் ரிவர் ஈஸ்ட் டிரான்ஸ்கோனா டிவிஷனில் (ஒரு ஸ்கூல் போர்டின் கீழ் வரும் பகுதி) ஆசிரியராகவும் பின்பு பிரின்சிபாலாகவும் வேலை செய்தவர். 2019 செப்டம்பரில் நடந்த மனிடோபா மாகாணச் சட்டசபைத் தேர்தலில் என்.டி.பி. (நியூ டெமாக்ரட்டிக் பார்ட்டி) சார்பில் டிரான்ஸ்கோனா தொகுதியில் நின்று, பதவியிலிருந்த கன்சர்வேட்டிவ் எம்.எல்.ஏ.வைத் தோற்கடித்தார். ஆனால் கட்சி தோற்றது. மொத்தம் 57 இடங்களில் ஆளுங்கட்சியான கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 36, என்.டி.பி.க்கு 18. கைதூக்கிக் கணக்குப் பார்த்தால் எந்த மசோதாவையும் தடுக்க முடியாத நிலை.

அப்புறம் 2021 மார்ச்சில் 64ஆம் மசோதா வந்தது. பிரீமியர் (மாகாண முதல்வர்) பிரையன் பாலிஸ்டரின் அரசு, ஆங்கிலவழி ஸ்கூல் போர்டுகள் எல்லாவற்றையும் கலைத்துவிட்டு, அரசு நியமிக்கும் ஒரே மத்திய அமைப்பின் கீழ் பள்ளிகளைக் கொண்டுவரப் பார்த்தது. நாம் ஓட்டுப் போட்டு அனுப்பும் டிரஸ்டிகளுக்குப் பதிலாக ஒவ்வொரு பள்ளியிலும் பெற்றோர் குழு என்றார்கள். கேட்க இனிப்பாகத்தான் இருந்தது. நம்மில் சிலரே நல்லதுதானே என்று சொன்னதைக் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்தக் குழு ஆலோசனைதான் சொல்லலாம், பணத்தில் கை வைக்க முடியாது. பிரின்சிபால்களை ஆசிரியர் சங்கத்திலிருந்து பிரிக்கும் பிரிவும் அதே மசோதாவில் இருந்தது. இரண்டு வேலையையும் பார்த்த ஒருவருக்கு அது எங்கே கொண்டுபோய் விடும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

அப்போது என்.டி.பி.யில் கல்வித்துறையைக் கவனித்து அரசைக் கேள்வி கேட்கும் பொறுப்பு அல்டோமாரேவுடையது. மனிடோபா சட்டசபையில் ஒரு விதி உண்டு: பிரதான எதிர்க்கட்சி ஐந்து மசோதாக்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றை இலையுதிர்காலம் வரை நிறுத்திவைக்கலாம். அந்த ஐந்தில் 64ஐயும் சேர்த்தார்கள். கிடைத்தது ஒரு கோடைக்காலம், அவ்வளவுதான். அந்தக் கோடையில் வீட்டு முற்றங்களில் எதிர்ப்புப் பலகைகள் முளைத்தன. ஆசிரியர்களும் டிரஸ்டிகளும் பெற்றோரும் எதிர்த்துப் பேசினார்கள். வின்னிபெக்கைவிடச் சிற்றூர்களில் கோபம் குறைவு என்றும் சொல்ல முடியாது. அங்கேயெல்லாம் பள்ளிதான் ஊர்.

எல்லாப் புகழையும் அல்டோமாரேவுக்கே கொடுக்க மாட்டேன். பாலிஸ்டர் பாதி வேலையைத் தானே செய்து கொடுத்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அதுபோல ஜூலையில் குடியேறிகளின் வரலாறு பற்றி அவர் பேசிய பேச்சு, பழங்குடி மக்களைப் புண்படுத்தியதோடு, சொந்த அமைச்சர் ஒருவரையே பதவி விலக வைத்தது. ஆகஸ்டில் அவரே போவதாக அறிவித்தார். செப்டம்பரில் இடைக்காலப் பிரீமியரான கெல்வின் கோர்ட்சன் அந்த ஐந்து மசோதாக்களையும் கைவிட்டார். ஆனால் 64 அந்த வசந்தகாலத்திலேயே நிறைவேறியிருந்தால், கைவிட எதுவும் மிஞ்சியிருக்காது. 18 பேர் கொண்ட கட்சி வாங்கித் தந்த அவகாசம் அது.

2023 அக்டோபரில் என்.டி.பி. 34 இடங்களோடு ஆட்சிக்கு வந்தது. அல்டோமாரே கல்வி அமைச்சரானார். பள்ளிகளில் சாப்பாட்டுத் திட்டத்துக்கு 3 கோடி டாலர், எட்டாம் வகுப்பு வரை செல்போன் தடை. இவற்றை நீங்களே அறிவீர்கள், பிள்ளைகள் சொல்லியிருப்பார்கள். 2025 ஜனவரி 14 அன்று, 61 வயதில் அவர் காலமானார். அஞ்சலிகளில் எல்லாரும் அந்தச் சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள். தப்பில்லை. என்றாலும் அவர் செய்ததில் பெரியது, அமைச்சர் நாற்காலி கிடைப்பதற்கு முன்பு செய்ததுதான் என்பது என் கருத்து.

சரி, இதில் நமக்கு என்ன? பள்ளி டிவிஷனின் பட்ஜெட், நீங்கள் கட்டும் சொத்து வரியில் பள்ளிக்கான பங்கு, ஸ்கூல் பஸ் எங்கே நிற்கும் என்பது எல்லாம் டிரஸ்டிகள் மேசைக்குத்தான் போகின்றன. தமிழ் வகுப்புக்கு வாடகை அறை தேடி அலைகிற நாம் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அல்டோமாரே வேலை செய்த அதே டிவிஷனில் பிள்ளைகள் உக்ரைனிய மொழியிலும் ஜெர்மன் மொழியிலும் பாடம் படிக்கிறார்கள். உக்ரைனிய இருமொழிக் கல்வி மனிடோபாவில் 1979இலேயே தொடங்கிவிட்டது. செவன் ஓக்ஸ் டிவிஷனில் பிலிப்பினோ மொழி வந்துவிட்டது. அந்தச் சமூகங்கள் போர்டு கூட்டங்களுக்குப் போனார்கள், கேட்டார்கள். நாம் பொங்கல் விழாவுக்கு எம்.எல்.ஏ.வைக் கூப்பிட்டு, பொன்னாடை போர்த்திப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம்.

டிரஸ்டி தேர்தலில் ஓட்டுப் போட குடியுரிமை வேண்டும். பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) அட்டையோடு இருப்பவர்களால் முடியாது. ஆனால் போர்டு கூட்டத்துக்குப் போவதற்கு யாரும் பாஸ்போர்ட் கேட்பதில்லை. குடியுரிமை உள்ளவர்கள் இரண்டு காரியம் செய்யுங்கள். உங்கள் வார்டில் நிற்கும் டிரஸ்டி வேட்பாளர்களுக்கு போன் போட்டு, தமிழைப் பள்ளி நேரத்துக்குள் கொண்டுவர என்ன வழி என்று கேளுங்கள். நம்மிடையே ஊரில் ஆசிரியராக இருந்துவிட்டு இங்கே வேறு வேலை பார்ப்பவர்கள் நிறையப் பேர். அவர்களில் ஒருவராவது வேட்புமனு வாங்கி வரட்டும். கதவு தட்டவும் துண்டுச்சீட்டு கொடுக்கவும் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
உங்களில் ஒரு தாய்